விகுதியிலிருந்து தொடங்குங்கள்: பார்மசி மாணவர்களுக்கு மருத்துவச் சொற்கள் பழகும் வழி

பார்மசி முதலாண்டில் சேரும் பிள்ளைகளை முதலில் மிரட்டுவது வேதியியல் அல்ல, உடற்கூறியல் புத்தகம்தான். பக்கத்துக்குப் பத்துப் பதினைந்து புதுச் சொற்கள். பிளஸ் டூ வரை தமிழில் படித்துவிட்டு, செங்கல்பட்டிலிருந்தும் திருவள்ளூரிலிருந்தும் மின்சார ரயிலில் சென்னைக்கு வந்து படிப்பவர்களுக்கு இது இன்னும் பாரம். பலர் ஒரு நோட்டில் ஆங்கில எழுத்து வரிசைப்படி எழுதி வைத்து, பரீட்சைக்கு முந்தின இரவு உருப்போடுகிறார்கள். பரீட்சை முடிந்ததும் எல்லாம் போய்விடுகிறது. பார்மகாலஜியில், அதாவது மருந்தியலில், அதே சொற்கள் திரும்ப வரும்போது மறுபடி முதலிலிருந்து.

மருத்துவச் சொற்களை உருப்போட வேண்டாம், பிரிக்கக் கற்றுக்கொள்ளுங்கள் என்பதே நான் சொல்ல வருவது. அதிலும் மருந்தாளுநருக்கு வேண்டிய வரிசை வேறு. டாக்டருக்குப் படிப்பவர் எலும்பு, தசை, நரம்பு என்று உறுப்பு உறுப்பாகப் போகலாம். நமக்கு முதலில் தெரிய வேண்டியவை நோயின் பெயர், மருந்து எந்த இனம், எப்போது எப்படிக் கொடுப்பது, என்ன பக்கவிளைவு வரும் என்பவை. கீழே உள்ள படிகள் அந்தத் தேவையை வைத்துப் போட்டவை. டி.பார்ம்., பி.பார்ம்., பார்ம்.டி. எதில் இருந்தாலும் பொருந்தும்.

முதல் படி: பள்ளியில் பகுபதம் பிரித்ததை நினைவுக்குக் கொண்டுவாருங்கள்

‘நடந்தனன்’ என்ற சொல்லைத் தமிழ் வகுப்பில் பிரித்திருப்பீர்கள். நட பகுதி, கடைசி அன் விகுதி, அதற்கு முந்தைய அன் சாரியை. மருத்துவச் சொல்லும் இப்படித்தான் கட்டப்பட்டிருக்கிறது. கேஸ்ட்ரோஸ்கோப்பியை எடுத்துக்கொள்ளுங்கள். கேஸ்ட்ர் பகுதி, இரைப்பையைக் குறிக்கும். ஸ்கோப்பி விகுதி; கருவி விட்டு உள்ளே பார்ப்பது. நடுவில் நிற்கும் ஓ-வுக்குத் தனிப் பொருள் கிடையாது, சாரியை மாதிரி இரண்டையும் இணைக்க வந்தது. விகுதி உயிரொலியில் தொடங்கினால் அந்த ஓ விழுந்துவிடும்: கேஸ்ட்ரைட்டிஸ். இரண்டு பகுதிகள் சேர்ந்தால், இரண்டாவது உயிரொலியில் தொடங்கினாலும் ஓ பெரும்பாலும் நிற்கும்: கேஸ்ட்ரோஎன்ட்டரைட்டிஸ், அதாவது இரைப்பையும் குடலும் சேர்ந்து அழற்சி.

தமிழ்ப் பகுபதத்தில் இல்லாத ஒன்று முன்னொட்டு. அது சொல்லின் தலையில் வந்து உட்காரும். ஆகவே படிக்கும் வரிசையை இப்படி வைத்துக்கொள்ளுங்கள்: முதலில் விகுதி, அப்புறம் முன்னொட்டு, கடைசியாகப் பகுதி. எண்டோகார்டைட்டிஸ் என்று பார்த்தால், ஐட்டிஸ் என்பது அழற்சி, எண்டோ என்பது உள்ளே, கார்டி என்பது இதயம். இதயத்தின் உட்சவ்வில் அழற்சி. பெரி என்றால் சுற்றி, மயோ என்றால் தசை. இப்போது பெரிகார்டைட்டிசும் மயோகார்டைட்டிசும் யாரும் சொல்லித் தராமலே புரியும்.

ஒரே உறுப்புக்கு இரண்டு பெயர் வருவது பலரைக் குழப்பும். ஒன்று கிரேக்க மொழியிலிருந்து, மற்றது லத்தீனிலிருந்து வந்தது. சிறுநீரகத்துக்கு நெஃப்ர், ரீன். நுரையீரலுக்கு நியூமோன், பல்மோன். தோலுக்கு டெர்மட், கியூட்டேன். பெரும்பாலும் நோயின் பெயரில் கிரேக்கமும், உறுப்பைச் சார்ந்தது என்று சொல்லும் இடத்தில் லத்தீனும் வரும். அதனால்தான் நோய் டெர்மடைட்டிஸ், தோலுக்கு அடியில் போடும் ஊசி சப்கியூட்டேனியஸ்.

இரண்டாம் படி: விகுதிகள்

இங்கே அவசரப்படாதீர்கள். இருபது விகுதிகள் நன்றாகத் தெரிந்தால் பாடப்புத்தகத்தில் வரும் சொற்களில் பெரும்பகுதி திறந்துவிடும்.

ஐட்டிஸ் அழற்சி. ஆல்ஜியா வலி: மயால்ஜியா தசைவலி, நியூரால்ஜியா நரம்பு வலி. பதி என்பது ஓர் உறுப்பின் நோய்நிலை: நியூரோபதி, நெஃப்ரோபதி. மெகாலி பெரிதாதல்: ஹெபடோமெகாலி என்றால் கல்லீரல் வீக்கம். லைசிஸ் சிதைதல். எமியா இரத்தத்தில் இருப்பது. ஓமா பெரும்பாலும் கட்டி, ஆனால் கண்ணை மூடிக்கொண்டு நம்பக் கூடாது. ஹெமட்டோமா என்பது இரத்தம் தேங்கிய வீக்கம்; கிளாக்கோமா கண் அழுத்தம் சார்ந்த நோய்; இரண்டும் புற்று அல்ல. அரிப்புக்கான புரூரிட்டஸும் ஐட்டிஸ் குடும்பம் இல்லை. அதன் முடிவு அஸ். ஐட்டிஸ் என்று எழுதினால் பிழை.

எக்டமி வெட்டி எடுப்பது, ஒட்டமி கீறித் திறப்பது, ஒஸ்டமி வெளியே வழி வைப்பது. இவை மூன்றும் அறுவை அரங்குக்குரியவை. வேறுபாடு தெரிந்தால் போதும்.

நமக்குக் கூடுதல் வேலை இருப்பது யூரியா குடும்பத்தில். டிஸ்யூரியா நீர்க்கடுப்பு. பாலியூரியா அதிகமாகப் போவது, ஆலிகுரியா குறைவாகப் போவது, நாக்டியூரியா இரவில் எழுந்து எழுந்து போவது, ஹெமட்யூரியா இரத்தம் கலந்து போவது, கிளைகோசூரியா சர்க்கரை போவது. சர்க்கரை நோய்க்கு டாப்பாகிளிஃப்ளோசின் சாப்பிடுபவரின் சிறுநீர்ச் சோதனையில் சர்க்கரை காட்டும். அந்த மருந்தே சர்க்கரையைச் சிறுநீர் வழியாக வெளியேற்றித்தான் வேலை செய்கிறது. இதைக் கிளைகோசூரியா என்ற சொல்லோடு சேர்த்துப் படித்தால் சொல்லும் மறக்காது, மருந்தும் மறக்காது. இன்னொன்று: சிறுநீர் என்று பொருள்தரும் இந்த விகுதியும், யூரியா என்ற வேதிப்பொருளும் தமிழ் எழுத்தில் ஒன்றுபோலத் தெரியும், ஆங்கில எழுத்துக்கூட்டு வேறு. நோட்டில் சொல்லை ஆங்கிலத்திலும் பொருளைத் தமிழிலும் எழுதுவதே நல்லது.

அடுத்து பீனியா, அதாவது குறைவு. ஐப்பசி, கார்த்திகை மழையில் சென்னையில் டெங்கு பரவும்போது ‘பிளேட்லெட் குறைஞ்சிருக்கு’ என்று வீட்டுக்கு வீடு கேட்கலாம். அதுதான் திராம்போசைட்டோபீனியா: திராம்போ உறைவு, சைட்டோ அணு, பீனியா குறைவு. அந்தச் சமயத்தில் உடம்பு வலிக்கிறது என்று ஒருவர் கவுன்ட்டரில் வந்து ஐபுப்ரோஃபென் கேட்டால், கொடுக்கக் கூடாது என்பது அந்தச் சொல்லிலிருந்தே உங்களுக்கு வர வேண்டும். பிளேட்லெட், அதாவது தட்டணு, குறைந்த உடம்பில் ஐபுப்ரோஃபெனும் ஆஸ்பிரினும் இரத்தக்கசிவைக் கூட்டும். இதோடு பான் என்ற முன்னொட்டு சேர்ந்தால் பான்சைட்டோபீனியா. எல்லா இரத்த அணுக்களும் குறைவது. மூட்டுவாதத்துக்கு வாரம் ஒரு முறை எடுக்க வேண்டிய மெத்தோட்ரெக்ஸேட்டைத் தவறிப்போய் தினமும் எடுத்தவர்களுக்கு இது வந்து உயிரே போயிருக்கிறது. சொல்லைப் பிரிக்கும்போது இந்த மருந்தின் பெயரையும் பக்கத்தில் எழுதுங்கள்.

மூன்றாம் படி: எதிர் எதிரான முன்னொட்டுகள்

ஹைப்போ குறைவு, ஹைப்பர் கூடுதல். எல்லாருக்கும் தெரிந்ததுதான். ஆனால் கையெழுத்தில் கடைசி எழுத்துகள் மசங்கினால் பொருள் தலைகீழாகும். சந்தேகம் இருந்தால் ஊகிக்காதீர்கள், சீட்டில் உள்ள மருந்தைப் பாருங்கள், தீராவிட்டால் டாக்டரைக் கேளுங்கள். தைராக்சின் எழுதியிருந்தால் ஹைப்போதைராய்டிசம், கார்பிமசோல் எழுதியிருந்தால் ஹைப்பர்தைராய்டிசம்.

உப்புகளில் உங்கள் வேதியியல் கைகொடுக்கும். பொட்டாசியத்தின் குறி கே, சோடியத்தின் குறி என்.ஏ. அந்தக் குறிகள் வந்த கேலியம், நேட்ரியம் என்ற பெயர்கள்தான் ஹைப்போகலீமியா, ஹைப்போநேட்ரீமியா என்ற சொற்களுக்குள்ளும் இருக்கின்றன. நீர் பிரியும் மருந்தான ஃபுரோசமைடு பொட்டாசியத்தைக் குறைக்கும், பி.பி. மருந்தான எனாலாப்ரில் கூட்டக்கூடும். இரண்டையும் எதிரெதிரே எழுதி வையுங்கள். அதேபோல் டாக்கி வேகம், பிராடி மெது: சால்புட்டமால் எடுத்தால் டாக்கிகார்டியா வரலாம், புரோப்ரனலால் எடுத்தால் பிராடிகார்டியா.

மற்றவை எளியவை. அன் இல்லாமை, டிஸ் கோளாறு அல்லது சிரமம், இன்ட்ரா உள்ளே, இன்ட்டர் இடையில், சப் அடியில். டிஸ்ஃபேஜியா விழுங்கச் சிரமம், டிஸ்ஃபேஷியா பேசச் சிரமம். முன்னதில் மாத்திரையே விழுங்க முடியாது, சிரப்பாக மாற்ற முடியுமா என்று கேட்க வேண்டியிருக்கும். காதில் கேட்க இரண்டும் நெருக்கம் என்பதால் இந்த ஜோடியைத் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள்.

நான்காம் படி: உறுப்புகள்

தமிழ் வழியில் படித்தவர்கள் இங்கே பின்தங்கியவர்கள் அல்ல. கணையம், மண்ணீரல், பித்தப்பை, மூச்சுக்குழல் எல்லாம் எங்கே இருக்கின்றன, என்ன செய்கின்றன என்று பத்தாம் வகுப்பிலேயே தெரியும். புதுப் பெயரை ஒட்டுவதுதான் பாக்கி: பான்கிரியாட், ஸ்ப்ளீன், கோலிசிஸ்ட், பிராங்க். உருவத்தை ஒரு தாளில் வரைந்து, ஒரு பக்கம் தமிழ்ப் பெயர், மறுபக்கம் பகுதிச்சொல் என்று எழுதினால் இரண்டு மூன்று மாலைகளில் முடியும். எச்சரிக்கை ஒன்றே: மயோ தசை, மயலோ எலும்பு மஜ்ஜை அல்லது தண்டுவடம். கொழுப்புக்கு ஸ்டாட்டின் எடுப்பவருக்கு வரும் மயோபதி முன்னதைச் சேர்ந்தது.

உச்சரிப்புக்கு நிறையப் பேர் கூச்சப்படுகிறார்கள். கூச்சம் வேண்டாம். நியூமோனியா, சோரியாசிஸ், டோசிஸ் மூன்றும் ஆங்கிலத்தில் ‘பி’ எழுத்தில் தொடங்கும், அந்த எழுத்து ஒலிக்காது. ‘சிஎச்’ வரும் இடம் பெரும்பாலும் ‘க்’ தான்: பிராங்கைட்டிஸ், கொலஸ்ட்ரால். பொருளடைவில் தேடும்போது பிரிட்டிஷ் வழக்கில் அனீமியா ‘ஏஈ’ கொண்டும், இடீமா ‘ஓ’ எழுத்தில் தொடங்கியும் வரும். அமெரிக்கப் புத்தகங்களில் அவை இருக்காது. நம் ஊரில் இரண்டும் கலந்தே கிடக்கின்றன.

ஐந்தாம் படி: சீட்டுச் சுருக்கங்கள்

இந்தப் படியில் நூற்றுக்குத் தொண்ணூறு போதாது. ஓ.டி. தினம் ஒரு முறை, பி.டி. இரு முறை, டி.டி.எஸ். மூன்று முறை, கியூ.ஐ.டி. நான்கு முறை. எச்.எஸ். படுக்கும்போது, எஸ்.ஓ.எஸ். தேவைப்பட்டால் மட்டும், ஸ்டாட் உடனே. ஏ.சி. சாப்பாட்டுக்கு முன், பி.சி. சாப்பாட்டுக்குப் பின். ஐ.எம். தசையில், ஐ.வி. சிரையில், எஸ்.எல். நாக்குக்கு அடியில்.

நம் ஊரில் தினம் ஒரு முறை என்று நாம் படிக்கும் அதே ஓ.டி., கண் மருத்துவரின் சீட்டில் வலது கண் என்று பொருள்படும். ஓ.எஸ். இடது கண், ஓ.யு. இரு கண்களும். சொட்டு மருந்துச் சீட்டு வந்தால் உடனே இது நினைவுக்கு வர வேண்டும். அமெரிக்காவில் மருத்துவமனைகளுக்குத் தரச்சான்று தரும் ஜாயின்ட் கமிஷன் 2004-இல் ‘பயன்படுத்தக் கூடாத சுருக்கங்கள்’ என்று ஒரு பட்டியல் போட்டது. யூனிட்டைக் குறிக்கும் தனி ‘யு’ அதில் இருக்கிறது. கையெழுத்தில் அது பூஜ்யமாகத் தெரிந்தால் 4 யூனிட் இன்சுலின் 40 ஆகிவிடும். முழு எண்ணுக்குப் பின் புள்ளியும் பூஜ்யமும் போடுவதும் அதில் இருக்கிறது: 1.0 என்பதில் புள்ளி தெரியாவிட்டால் 10. நீங்கள் எழுதும்போது 1 என்றே எழுதுங்கள். அரை என்றால் 0.5 என்று முன்னால் பூஜ்யம் போட்டு எழுதுங்கள். மைக்ரோகிராமைக் குறியாகப் போடாமல் முழுச் சொல்லாக எழுதுங்கள். மில்லிகிராம் என்று படித்துவிட்டால் ஆயிரம் மடங்கு.

மருந்தின் பொதுப்பெயரைத் தெளிவாக, கூடியவரை பெரிய எழுத்தில் எழுத வேண்டும் என்று இந்திய மருத்துவக் கவுன்சில் 2016-இல் டாக்டர்களுக்கான விதியைத் திருத்தியது. இன்றும் கிறுக்கல் சீட்டு வரத்தான் செய்கிறது. படிக்க முடியாத சீட்டுக்கு ஒரே வழி எழுதியவரை ஃபோனில் கேட்பது. பயிற்சி மாணவர் கேட்டால் திட்டுவார்களோ என்று தயங்க வேண்டாம், அது உங்கள் வேலை.

ஆறாம் படி: மருந்துப் பெயருக்கும் விகுதி உண்டு

மருந்துகளின் பொதுப்பெயரை ஒழுங்குபடுத்தும் வேலையை உலக சுகாதார நிறுவனம் 1950-இல் எடுத்துக்கொண்டது. முதல் பட்டியல் 1953-இல் வந்தது. அதன் பயன் நமக்குத்தான். சார்ட்டன் என்று முடிந்தால் டெல்மிசார்ட்டன் குடும்பம், ப்ரில் என்றால் எனாலாப்ரில் குடும்பம், டிபின் என்றால் அம்லோடிபின், ஓலால் என்றால் பீட்டா தடுப்பான், ஸ்டாட்டின் கொழுப்புக்கு, கிளிப்டினும் கிளிஃப்ளோசினும் சர்க்கரைக்கு, ஃப்ளாக்சசின் ஆன்டிபயாட்டிக், கெயின் மரத்துப்போக வைப்பது.

பொறிகளும் உண்டு. ப்ரசோல் என்றதும் பான்டோப்ரசோல், ஒமிப்ரசோல் என்று அமிலக் குறைப்பு நினைவுக்கு வரும். அரிபிப்ரசோல் மனநல மருந்து. அசோல் என்ற முடிவை மட்டும் வைத்துப் பூஞ்சை மருந்து என்று முடிவுகட்டவும் கூடாது: ஃபுளூகொனசோல் பூஞ்சைக்கு, ஆல்பெண்டசோல் குடற்புழுவுக்கு, மெட்ரோனிடசோல் வேறு வகைக் கிருமிகளுக்கு. இன்னும் சில எழுத்து முன்னால் போய்ப் பாருங்கள்: கொனசோல், பெண்டசோல், நிடசோல்.

வணிகப் பெயர்களுக்கு இந்த ஒழுங்கு எதுவும் கிடையாது. ஒமிப்ரசோல் அமெரிக்காவில் முதலில் லோசெக் என்ற பெயரில் வந்து, நீர் பிரியும் மருந்தான லேசிக்ஸோடு குழம்பியதால் 1990-இல் பிரைலோசெக் என்று பெயர் மாறியது. நீங்கள் பயிற்சி எடுக்கும் கடையில் ஒலியில் நெருங்கிய பெயர்களைக் கண்டால் நோட்டின் கடைசிப் பக்கத்தில் ஜோடி ஜோடியாக எழுதிக்கொண்டே வாருங்கள். ஹைட்ராலசின், ஹைட்ராக்சிசின் மாதிரி பொதுப்பெயர்களிலும் இது உண்டு.

ஏழாம் படி: நோயாளி பேசுவதை மருத்துவச் சொல்லாக்குவது

பாடத்திட்டத்தில் இதற்கு இடம் குறைவு. கவுன்ட்டரில் இதுதான் முழுநேர வேலை. அஜீரணத்தோடு வருபவர் யாரும் ‘எனக்கு டிஸ்பெப்சியா’ என்று சொல்வதில்லை. நெஞ்சு கரிக்குது, வயிறு உப்புசமா இருக்கு, கை கால் மரத்துப்போகுது, படபடன்னு வருது, உடம்பெல்லாம் தடிச்சுப்போச்சு என்றுதான் சொல்வார்கள். இவற்றை அப்படியே நோட்டில் எழுதி, எதிரில் மருத்துவச் சொல்லை எழுதுங்கள். உடம்பு தடித்தது அர்ட்டிகேரியா, படபடப்பு பால்பிட்டேஷன், மரத்துப்போவது பாரஸ்தீசியா.

எல்லாவற்றுக்கும் ஒன்றுக்கு ஒன்று கிடைக்காது. ‘தம்பி, காலையில எந்திரிச்சா மயக்கமா வருதுப்பா’ என்று ஓர் அம்மா சொன்னால், அந்த மயக்கம் எது? ‘கீழே விழுந்துட்டீங்களாம்மா? வீடு சுத்துற மாதிரி இருக்கா? இல்ல எந்திரிக்கிறப்ப மட்டும் கண்ணு இருட்டுதா? சாப்பிடாம சுகர் மாத்திரை போட்டீங்களா?’ என்று கேட்க வேண்டும். நினைவிழந்து விழுந்திருந்தால் சின்கோப்பி, சுற்றினால் வெர்டிகோ. எழும்போது மட்டும் கண் இருட்டினால் ஆர்த்தோஸ்டேட்டிக் ஹைப்போடென்ஷனாக, அதாவது எழும்போது பி.பி. இறங்குவதாக இருக்கலாம், பி.பி. மாத்திரையைப் பார்க்க வேண்டும். சாப்பிடாமல் மாத்திரை போட்டு வியர்த்திருந்தால் ஹைப்போகிளைசீமியா, அதாவது இரத்தத்தில் சர்க்கரை குறைவு; அது உடனே கவனிக்க வேண்டியது. நான்கு நிலை, நான்கு வேறு நடவடிக்கை. நோயைத் தீர்மானிப்பது டாக்டர்தான், ஆனால் சரியான கேள்வியைக் கேட்டு, சரியான சொல்லில் அவருக்குச் சொல்லும் இடத்தில் நீங்கள் இருக்கிறீர்கள்.

டி.பார்ம். முடித்ததும் குறைந்தது மூன்று மாதங்களில் 500 மணி நேரப் பயிற்சி இருக்கிறதே, இந்தப் பட்டியலைச் சேர்க்க அதைவிட நல்ல காலம் கிடையாது. அரசு மருத்துவமனையில் மருந்து வாங்கும் வரிசைக்குப் பக்கத்தில் நின்றால் ஒரு காலையிலேயே பக்கம் நிரம்பும்.

எட்டாம் படி: தினசரிப் பழக்கம்

ஒரு நாளைக்கு ஐந்து சொல் போதும், ஆனால் ஒவ்வொன்றுக்கும் மூன்று விஷயம் வேண்டும்: பிரித்த வடிவம், தமிழ்ப் பொருள், தொடர்புள்ள ஒரு மருந்து. மருந்து இல்லாமல் சொல்லை எழுதாதீர்கள். ரயிலில் வரும்போது மாத்திரை அட்டையையோ, பெட்டிக்குள் இருக்கும் துண்டுத்தாளையோ எடுத்துப் படியுங்கள். பக்கவிளைவுப் பகுதியில் நீங்கள் பிரித்துப் பழக வேண்டிய சொற்கள் அத்தனையும் இருக்கும். கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் சொந்தப் புத்தகம் கொண்டுபோய்ப் படிக்கத் தனிப் பகுதி உண்டு, இரண்டு பேராகப் போய் ஒருவரை ஒருவர் கேளுங்கள். சென்ட்ரல் பக்கம் மூர் மார்க்கெட்டில் பழைய மருத்துவ அகராதி கிடைத்தால் வாங்கலாம், பகுதியும் விகுதியும் மாறப்போவதில்லை. மருந்தியல் புத்தகத்தை மட்டும் பழைய பதிப்பாக வாங்காதீர்கள்.

ஒரு சீட்டை முழுதாகப் படித்துப் பார்ப்போம்

இது பயிற்சிக்காக நான் எழுதியது. வயது 38, பெண். சி/ஓ டிஸ்யூரியா, இரண்டு நாள். நோ ஹெமட்யூரியா. கே/சி/ஓ ஹைப்போதைராய்டிசம். மருந்து: நைட்ரோஃபியூரான்டோயின் எஸ்.ஆர். 100 மி.கி., பி.டி., பி.சி., 5 நாள். தைராக்சின் 50 மைக்ரோகிராம் ஓ.டி., ஏ.சி., தொடரவும். பாராசிட்டமால் 650 மி.கி., எஸ்.ஓ.எஸ்.

சி/ஓ என்றால் நோயாளி சொன்ன தொந்தரவு, கே/சி/ஓ என்றால் ஏற்கெனவே தெரிந்த நோய். நீர்க்கடுப்பு இருக்கிறது, இரத்தம் போகவில்லை, தைராய்டு சுரப்பு குறைவு. நைட்ரோஃபியூரான்டோயின் சிறுநீர்த் தொற்றுக்கான ஆன்டிபயாட்டிக்; எஸ்.ஆர். என்பது மெதுவாக மருந்தை விடும் மாத்திரை. அதனால் உடைக்கவோ பொடிக்கவோ கூடாது. பி.டி., பி.சி. என்பதால் காலையும் இரவும் சாப்பிட்ட பிறகு. தைராக்சின் காலையில் வெறும் வயிற்றில், மைக்ரோகிராம்தானா என்று அட்டையில் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். பாராசிட்டமால் வலியோ காய்ச்சலோ இருந்தால் மட்டும், ஆறு மணி நேரம் இடைவெளி விட்டு.

கொடுக்கும்போது இதையும் சொல்லுங்கள்: ‘இந்த மாத்திரை போட்டா யூரின் அடர் மஞ்சளாவோ பழுப்பாவோ போகும், பயப்படாதீங்கம்மா. ஆனா சிவப்பா இரத்தம் மாதிரி போனா, காய்ச்சல் நடுக்கம் வந்தா, உடனே டாக்டரைப் பாருங்க. கடுப்பு நின்னாலும் அஞ்சு நாளும் போட்டு முடிச்சிடுங்க.’